லாக் ஃபைல் ஜீரோ பைட், டிஸ்க் மட்டும் ஃபுல்: 27 ஜிபி எங்க போச்சு?

ஏப்ரல் நடுவுல ஒரு சனிக்கிழமை, ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், போன் அடிக்குது. டீம்ல புதுசா சேர்ந்த தம்பி. "அண்ணா, டிஸ்க் நூறு பர்சன்ட் காட்டுது, எஸ்எம்எஸ் ஒண்ணும் போகல"ன்னான். நான் தூக்கத்துலயே "ஏதாச்சும் லாக் பெருத்திருக்கும், வார் லாக் உள்ள போய்ப் பாருடா"ன்னேன் (லாக்னா ப்ரோக்ராம் தான் செஞ்சத எழுதி வைக்கிற ஃபைல், வார் லாக் அதெல்லாம் கெடக்குற டைரக்டரி). ரெண்டு நிமிஷம் கழிச்சு சொல்றான்: "பாத்துட்டேன்ணா. நம்ம சர்வீஸ் லாக் ஜீரோ பைட் தான் இருக்கு. லாக்ல பிரச்சனை இல்ல."

அந்த ஜீரோ பைட் தான் பிரச்சனையே, ஆனா அது என் மண்டைல ஏற இன்னும் முக்கா மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள அவன் பழைய பேக்கேஜ் கேஷ், பழைய கெர்னல், யாரோ விட்டுட்டுப் போன டம்ப் ஃபைல் எல்லாத்தையும் அழிச்சுப் பாத்துட்டான், பெருசா எடம் ஒண்ணும் தேறல. அப்பாவிப் பையன், "ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமாண்ணா, போன தடவை அதுலயே சரியாச்சாமே"ன்னு கேட்டான். அந்த "போன தடவை"ங்கிற வார்த்தைல தான் எனக்கு தூக்கம் கலைஞ்சுச்சு. போன தடவைன்னா எப்போ? பிப்ரவரி கடைசில. அதே மெஷின், அதே சர்வீஸ், யாரோ ரீஸ்டார்ட் பண்ணிட்டு "சரியாயிடுச்சு"ன்னு டிக்கெட்ட மூடிட்டாங்க. என்னன்னு யாரும் பாக்கல, நானும் தான்.

சரி, மொதல்ல இடத்தச் சொல்லிடுறேன். கம்பெனி பேரு வேணாம், சின்ன எடம். டெபியன் லினக்ஸ் மெஷின், 40 ஜிபி டிஸ்க், எல்லாமே ஒரே பார்ட்டிஷன் (வார்-அ தனியா பிரிச்சிருக்கணும், பிரிக்கல, அது எங்க சோம்பேறித்தனம்). அதுல ஓடுறது எஸ்எம்எஸ் அனுப்புற ஒரு பழைய சி ப்ரோக்ராம், டிஸ்பேட்ச்சர்னு வச்சுக்குவோம். எங்களுக்கு முன்னாடி இருந்தவர் பல வருஷம் முன்ன எழுதினது, சுத்தமா எழுதிருந்தாரு, அவர் மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

டிஎஃப் ஒண்ணு சொல்லுது, டியூ வேற சொல்லுது

டிஸ்க்ல எவ்வளவு எடம் போயிருக்குன்னு காட்டுற டிஎஃப் கமாண்ட மைனஸ் ஹெச் போட்டு அடிச்சா 38 ஜிபி யூஸ்டு, மீதி 0. 40-ல 38 தானே, மீதி 2 எங்கன்னு கேட்டா, எங்க ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 வழக்கமா 5 பர்சன்ட் எடத்த ரூட்டுக்குன்னு, அதாவது அட்மின் யூசருக்குன்னு எடுத்து வச்சுக்கும். அதனால தான் ரூட்டா லாகின் பண்ணி நாங்க ஃபைல் எழுத முடிஞ்சுது, தனி யூசர்ல ஓடுற டிஸ்பேட்ச்சரால அதோட க்யூ ஃபைலக்கூட எழுத முடியல, படுத்துடுச்சு. ரூட்ல நின்னுட்டு "எனக்கு எழுத வருதே"ன்னு குழம்பாதீங்க.

அடுத்து டியூ-வ மேல இருந்து கீழ வரைக்கும் ஓட விட்டா மொத்தமே 11 ஜிபி தான். ஆக 27 ஜிபிக்கு கணக்கே இல்ல.

டியூ என்ன பண்ணும்னா டைரக்டரி டைரக்டரியா போயி, பேர் இருக்குற ஃபைலயெல்லாம் எண்ணிக் கூட்டும். டிஎஃப் அப்படி இல்ல, ஃபைல் சிஸ்டம் கிட்டயே "எத்தன பிளாக் பிடிச்சு வச்சிருக்க"ன்னு கேக்கும். ரெண்டும் இவ்வளவு வித்தியாசமா இருந்தா பேர் இல்லாத ஃபைல் ஒண்ணு எங்கயோ உயிரோட இருக்குன்னு அர்த்தம். யூனிக்ஸ்ல ஃபைல அழிக்கிறதுன்னா பேர அழிக்கிறது தான். உள்ள இருக்குற ஐநோடு, அதாவது நெஜமான ஃபைலு, அத யாராச்சும் திறந்து வச்சிருக்குற வரைக்கும் போகாது. வாசல்ல பேர்ப்பலகைய கழட்டிட்டா உள்ள குடியிருக்கவன் காலி பண்ணிடுவானா என்ன.

இந்த மாதிரி ஆசாமிங்கள பிடிக்க, திறந்து கெடக்குற ஃபைல காட்டுற எல்எஸ்ஓஎஃப்-ல ப்ளஸ் எல் 1 போடணும், லிங்க் கணக்கு (ஃபைலுக்கு எத்தன பேர் இருக்குங்கிறது) ஒண்ணுக்குக் கீழ போன, ஆனா திறந்தே இருக்குற ஃபைல மட்டும் காட்டும். போட்டோம், ஒரே ஒரு பெரிய வரி வந்துச்சு: டிஸ்பேட்ச்சர், பிஐடி (ப்ராசஸ் நம்பர்) 2213, எஃப்டி (திறந்த ஃபைலுக்கு ப்ராசஸ் வச்சிருக்குற நம்பர்) 3, சைஸ் சுமார் 2,900 கோடி பைட், லிங்க் 0. தொலைஞ்ச 27 ஜிபி அப்படியே அங்க ஒக்காந்திருக்கு.

தம்பி உடனே "நான் எதையும் அழிக்கலண்ணா, லாக் ஃபைல தொடவே இல்ல"ன்னு பதறிட்டான். அவன் அழிக்கலன்னு எனக்கும் தெரிஞ்சுது, எப்படின்னா, ஓடுற ப்ராசஸ் விவரமெல்லாம் தெரியுற ப்ராக் டைரக்டரி உள்ள 2213, அதுக்குள்ள எஃப்டி, அதுல 3-ங்கிற லிங்க் எத காட்டுதுன்னு பாத்தோம். வந்தது "டிஸ்பேட்ச்சர் டாட் லாக் டாட் 1", பக்கத்துல அடைப்புக்குறில "டெலீட்டட்". அந்த கடைசி டாட் 1-அ நல்லா கவனிங்க. மனுஷன் ஆர்எம் (அழிக்கிற கமாண்ட்) அடிச்சிருந்தா வெறும் டாட் லாக்-னு இருந்திருக்கும். டாட் 1-னு இருந்தா அந்த ஃபைல் மொதல்ல பேர் மாறி, அப்புறம் அழிஞ்சிருக்கு. பேர் மாத்தி அழிக்கிற பழக்கம் அந்த மெஷின்ல ஒருத்தருக்குத் தான் உண்டு, லாக்ரொட்டேட், லாக் பெருக்காம இருக்க பழச ஒதுக்கிட்டு புதுசு வைக்கிற ப்ரோக்ராம்.

ரீஸ்டார்ட் பண்ணிருந்தா என்ன ஆயிருக்கும்? எஃப்டி மூடிரும், 27 ஜிபி ஒரு நொடில திரும்ப வந்துரும், இந்த டாட் 1 தடயமும் காத்துல போயிரும். பிப்ரவரில நடந்தது அதே தான்.

மொதல்ல எடத்த மீட்டது எப்படின்னா

பேர் போனாலும் ப்ராக் வழியா அந்த ஃபைல படிக்கலாம். கடைசி 200 எம்பிய மட்டும் டெய்ல் மைனஸ் சி போட்டு எஸ்எஸ்ஹெச் வழியா வேற மெஷினுக்குத் தள்ளிட்டோம், ஆதாரம் வேணும்ல. அப்புறம் அதே ப்ராக் பாதைக்கு ஒரு காலி ரீடைரக்ட் அடிச்சா ஃபைல் ஜீரோவாயிரும், ப்ராசஸ நிறுத்தவே வேணாம்.

ஆனா அத அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். ஃபைல் அப்பெண்ட் மோடுல, அதாவது எப்பவும் ஃபைலோட கடைசில சேத்து எழுதுற மாதிரி, திறந்திருக்கான்னு. இல்லன்னா நீங்க ஜீரோ ஆக்கினாலும் ப்ராசஸ் ஞாபகம் வச்சிருக்குற ஆஃப்செட் (அடுத்து எழுத வேண்டிய எடம்) 27 ஜிபிலயே நிக்கும், அடுத்த வரிய அங்க போய் எழுதும், முன்னாடி பூரா ஓட்டை. எல்எஸ்-ல திரும்பவும் 27 ஜிபி காட்டும், டியூ-ல கொஞ்சூண்டு காட்டும், பாக்குறவனுக்கு பைத்தியம் பிடிக்கும். இத தெரிஞ்சுக்க எஃப்டிஇன்ஃபோ-னு பக்கத்துலயே ஒரு டைரக்டரி இருக்கு, அதுல 3-அ கேட் பண்ணா எப்படித் திறந்திருக்குன்னு சொல்ற ஃப்ளாக்ஸ் வரி ஆக்டல்ல (எட்டடிமான எண்ல) வரும். எங்களுக்கு வந்தது 0102001. அதுல இருக்குற 02000 தான் அப்பெண்ட். நல்ல வேளை. அடிச்சோம், டிஎஃப் 38-ல இருந்து 11-க்கு எறங்குச்சு, க்யூ நகர ஆரம்பிச்சுது. மணி மூணே முக்கால்.

லாக்ரொட்டேட் காப்பிட்ரன்கேட்-னு ஒரு ஆப்ஷன் வச்சிருக்கே, அதுக்கும் இதே கண்டிஷன் தான். அது பேர மாத்தாம ஃபைல காப்பி எடுத்துட்டு மூலத்த ஜீரோ ஆக்கும். அப்பெண்ட் இல்லாத ப்ரோக்ராமுக்கு அத போட்டா ஓட்டை ஃபைல் கேரண்டி, அப்பெண்ட் இருந்தாலும் காப்பி முடிஞ்சு ஜீரோ ஆக்குற அந்த இடைவெளில எழுதின வரிங்க போயிரும். வேற வழியே இல்லாத ப்ரோக்ராமுக்குத் தான் அது.

யார் பண்ணது

மறுநாள் ஞாயித்துக்கிழமை டீ குடிச்சிட்டு நிதானமா பாத்தோம். இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

பேக்ரவுண்ட்ல ஓடுற சர்வீஸுக்கு, டெய்மனுக்கு, டெர்மினல் கெடையாது. பழைய முறைல எழுதினா ஃபோர்க் பண்ணி (தன்னையே நகல் எடுத்து), செட்எஸ்ஐடி போட்டு (டெர்மினல விட்டுப் பிரிஞ்சு), திரும்ப ஃபோர்க் பண்ணி, எஃப்டி 0, 1, 2 மூணையும் (இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர்) எழுதினதெல்லாம் காணாமப் போற டெவ் நல்-ல கட்டிரும். சும்மா மூடிட்டா போதாதான்னு காலேஜ் பசங்க கேப்பாங்க. போதாது, மூடிட்டா அடுத்து திறக்குற ஃபைலுக்கு அந்த காலி நம்பர் போயிரும். டேட்டாபேஸ் ஃபைலுக்கு 2 கெடச்சு, ஏதோ ஒரு லைப்ரரி ஸ்டாண்டர்ட் எரர்ல "வார்னிங்"னு கத்துச்சுன்னா அந்த கத்தல் நேரா டேட்டாபேஸ் நடுவுல போய் விழும். அதுக்குத் தான் நல். அதனால தான் எங்க லாக் ஃபைலும் 3-ல வந்து நின்னுச்சு.

ஆக பேசுறதுக்கு வாய் இல்ல, எங்கயாச்சும் எழுதணும். ஒண்ணு சிஸ்லாக்கு அனுப்பலாம், 1980கள்ல எரிக் ஆல்மன் சென்ட்மெயில்ங்கிற மெயில் ப்ரோக்ராமுக்காகப் பண்ணது, டெவ் லாக்-னு ஒரு சாக்கெட்ல போட்டா வேற ஒரு டெய்மன் வாங்கி எழுதிக்கும், உங்க ப்ரோக்ராமுக்கு ஃபைல் பேரே தெரிய வேணாம். வரிக்கு முன்னாடி ஒரு நம்பர் போகும், யாரு பேசுறாங்கங்கிற எண்ண 8-ஆல பெருக்கி எவ்வளவு அவசரம்ங்கிற எண்ண கூட்டணும், டெய்மன் 3, இன்ஃபோ 6, அதனால 30. அவ்வளவு காலமா எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு ஓட்டிட்டிருந்தத 2001-ல ஆர்எஃப்சி (இன்டர்நெட் நெறிமுறை ஆவணம்) 3164-னு எழுதி வச்சாங்க, ஒழுங்கான ஸ்டாண்டர்ட் 2009-ல 5424-ல தான் வந்துச்சு. பழைய ஃபார்மேட் தேதில வருஷமே கெடையாது, ஜனவரி 1-ஆம் தேதி லாக் தேடினவனுக்கு அந்த வலி தெரியும்.

இல்லன்னா நேரா ஒரு ஃபைல நாமளே திறந்து எழுதலாம். டிஸ்பேட்ச்சர் பண்ணது அது தான். அப்படிப் பண்ணா ஒரு கடமை வருது, லாக்ரொட்டேட் பேர மாத்தும்போது "மூடிட்டு திரும்ப திற"ன்னு யாராச்சும் சொல்லணும், நாம கேக்கணும். அதுக்கு வழக்கமா ஹெச்யூபி சிக்னல். அதோட பேரே ஹேங்கப், டெர்மினல் லைன் அறுந்துச்சுன்னு சொல்ல வச்சது. டெய்மனுக்குத் தான் டெர்மினலே இல்லையே, சிக்னல் சும்மா கெடக்குன்னு வேற வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி இல்ல, என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வருக்கு ஹெச்யூபி கான்ஃபிக் படிக்க, லாக் திரும்ப திறக்க யூஎஸ்ஆர்1-ங்கிற வேற சிக்னல். டிஸ்பேட்ச்சருக்கு ஹெச்யூபி. அது ஒழுங்கா திறக்கவும் செஞ்சுது, நாங்க கையால அனுப்பிப் பாத்தோம்.

அப்ப அனுப்புறவன் தான் அனுப்பல. லாக்ரொட்டேட் கான்ஃபிக்ல போஸ்ட்ரொட்டேட் பகுதில (பேர் மாத்தின பிறகு ஓடுறது) இருந்தது இது தான்: ரன் டைரக்டரில டிஸ்பேட்ச்சர் தன் நம்பர எழுதி வைக்கிற பிஐடி ஃபைல் இருந்தா அதப் படிச்சு கில் மைனஸ் ஹெச்யூபி அடி, இல்லன்னா ட்ரூ. அந்தக் கடைசி ட்ரூ இருக்கே, ரெண்டு பைப் போட்டு ஒரு ட்ரூ, எது நடந்தாலும் "எல்லாம் சௌக்கியம்"னு லாக்ரொட்டேட்கிட்ட சொல்றது. எரர் மெயில் வந்து தொல்ல பண்ணக்கூடாதுன்னு எல்லாரும் போடுறது தான், நானும் நூறு எடத்துல போட்டிருக்கேன்.

ஜனவரில நாங்க இத, சர்வீஸ்கள ஆரம்பிச்சு நிர்வாகம் பண்ற சிஸ்டம்டி-க்கு மாத்தினோம். சிஸ்டம்டி தானே ப்ராசஸ பாத்துக்குமே, எதுக்கு டெய்மனா போகணும்னு ஃபோர்க்ரவுண்ட் ஆப்ஷன் போட்டு டைப் சிம்பிள்-னு யூனிட் எழுதினோம். யாரு எழுதினா? நான் தான். ஃபோர்க்ரவுண்ட்ல ஓடினா டிஸ்பேட்ச்சர் பிஐடி ஃபைல் எழுதாது. பழசு ஒண்ணு ரன்-ல கெடந்திருக்கும், ஆனா ரன் டைரக்டரி மெமரில இருக்குற டிஎம்பிஎஃப்எஸ், அன்னிக்கு மெஷின ரீபூட் பண்ணதும் அதுவும் போச்சு. அப்புறம் கண்டிஷன் என்னிக்குமே உண்மை ஆகல, ட்ரூ மட்டும் தினமும் உண்மையா இருந்துச்சு.

இப்ப வரிசையா ஓட்டிப் பாருங்க. ராத்திரி லாக்ரொட்டேட் வருது, டாட் லாக்-அ டாட் 1-னு மாத்துது, கிரியேட் போட்டிருந்ததால புதுசா ஒரு காலி டாட் லாக் வைக்குது, ஹெச்யூபி போகல, கம்ப்ரெஸ் இருந்ததால டாட் 1-அ அப்பவே ஜிஜிப் பண்ணி (சுருக்கி) மூலத்த அழிச்சிடுது. டிஸ்பேட்ச்சர் ஒண்ணும் தெரியாம அதே பழைய ஐநோட்ல எழுதிக்கிட்டே இருக்கு. அடுத்த நாள் ராத்திரி லாக்ரொட்டேட் திரும்ப வருது, டாட் லாக் ஜீரோ பைட், நாட்இஃப்எம்ட்டி இருக்கு, காலி ஃபைல சுத்தாதே, சரின்னு போயிடுது. அதுக்கடுத்த நாளும். இப்படி 45 நாள். டீபக் லெவல்ல (சின்ன விஷயத்தையும் விடாம எழுதுற மோடு) தினமும் 600 எம்பி. 27 ஜிபி.

இதுல ஒவ்வொரு ஆப்ஷனும் தனியா பாத்தா நல்ல ஆப்ஷன். என்னை உறுத்துறது அது இல்ல. அந்த மூணு மாசமும் நாங்க அந்த லாக் டைரக்டரிய தினமும் யாராச்சும் ஒருத்தர் பாத்துட்டு தான் இருந்தோம். ஜீரோ பைட்ட பாத்துட்டு "எரர் ஒண்ணும் இல்ல போல"ன்னு போயிட்டோம். டீபக் லெவல்ல ஓடுற ப்ரோக்ராம் ஒரு வரி கூட எழுதாம இருக்குமான்னு ஒருத்தனுக்கும் தோணல.

மாத்தினதும், மாத்தினதால வந்ததும்

அவசரத்துக்கு கில் வரிய எடுத்துட்டு சிஸ்டம்சிடிஎல் கில்-ல ஹெச்யூபி போட்டோம், பிஐடி ஃபைல் தேவையில்ல, சிஸ்டம்டிக்கே மெயின் பிஐடி தெரியும். ட்ரூ-வ தூக்கிட்டோம். டாட் 1-அ அடுத்த சுத்து வரைக்கும் சுருக்காம விட்டு வைக்கிற டிலேகம்ப்ரெஸ் சேத்தோம். ஒரு வாரம் கழிச்சு, எதுக்கு இந்த வம்பே, ப்ரோக்ராம் ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல எழுதட்டும், சிஸ்டம்டியோட லாக் வாங்குற ஜர்னல்டி வாங்கிக்கட்டும்னு முடிவு பண்ணி சொந்த ஃபைலயே எடுத்துட்டோம், டீபக்கையும் அணைச்சோம். ஜர்னல்டி சும்மா விட்டாலே டிஸ்க்ல 10 பர்சன்ட், அதுவும் 4 ஜிபிக்கு மேல போகாதுன்னு தனக்கே கோடு போட்டுக்கும், மறுபடி ராத்திரி ரெண்டரை மணி போன் வராது.

வந்துச்சு. இந்த தடவை பகல்ல. டிஸ்பேட்ச்சர் செக்மென்டேஷன் ஃபால்ட்ல (தொடக்கூடாத மெமரிய தொட்டு) செத்துப் போச்சு, ஜர்னல்ல கடைசி வரி சாவுறதுக்கு ஆறு நிமிஷம் முன்னாடி. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. அந்த ஆறு நிமிஷமும் எஸ்எம்எஸ் போயிருக்கு, எங்க சைடு கணக்குல இருக்கு, லாக்ல மட்டும் இல்ல.

பழைய வரிங்கள திரும்பப் பாத்தப்ப புரிஞ்சுது. டிஸ்பேட்ச்சர் ஒவ்வொரு வரிலயும் தன் டைம போடும், ஜர்னலும் முன்னாடி தன் டைம போடும். ஜர்னல் டைம் நாப்பது வரிக்கும் ஒண்ணு போல 02:19:40, உள்ள பாத்தா 02:13-ல ஆரம்பிச்சு 02:19 வரைக்கும். சி லைப்ரரி வேல இது. ஸ்டாண்டர்ட் அவுட்புட் டெர்மினலா இருந்தா வரி வரியா அனுப்பும், பைப்போ சாக்கெட்டோ ஃபைலோ இருந்தா 4 கேபி ரொம்புற வரைக்கும் கைலயே வச்சுக்கும். சிஸ்டம்டி குடுக்குறது சாக்கெட். டீபக் ஓடினப்ப 4 கேபி அரை செகண்ட்ல ரொம்பிருக்கும், இப்ப நிமிஷத்துக்கு ஆறேழு வரி தான். ஒழுங்கா எக்ஸிட் ஆனா கைல இருக்குறத கொட்டிட்டுப் போகும், செக்மென்டேஷன் ஃபால்ட்லயும் கில் மைனஸ் 9-லயும் கொட்டாது. எந்த வரி நமக்கு வேணுமோ அதுவே தான் போகும்.

தீர்வு ஒரே வரி, மெயின் ஆரம்பத்துலயே செட்விபஃப் போட்டு வரிக்கு வரி அனுப்புன்னு சொல்றது. சோர்ஸ் கைல இல்லன்னா எஸ்டிடிபஃப்-ல மைனஸ் ஓஎல், பைத்தான் ஆளுங்க பைத்தான்அன்பஃபர்டு-னு என்விரான்மென்ட்ல 1 வைப்பாங்க. அப்படியே எரர் வரிங்களுக்கு முன்னாடி கூர் அடைப்புக்குள்ள 3 போட்டோம், அத ஜர்னல்டி பாத்து எரர்னு வகைப்படுத்திக்கும், சிஸ்லாக்கோட அதே பழைய எண் தான்.

இன்னொரு தடவை எஸ்எம்எஸ் கேட்வே அந்தப் பக்கம் செத்துப்போக, எங்க ரீட்ரை லூப்ல இடைவெளியே இல்லாததால எரர் மழை. ஜர்னல்டி 30 செகண்டுக்கு 10,000 வரிங்கிற கணக்குல வாய மூடிடுச்சு, "சப்ரஸ்டு இத்தன மெசேஜ்"னு ஒரே வரி. அந்த எண்ணிக்கையும் நிலையா இருக்காது, டிஸ்க்ல காலி எடம் நெறைய இருந்தா கூட விடும். சிலர் இத உடனே அணைச்சுடுவாங்க, நாங்க அணைக்கல, லூப்ப சரி பண்ணோம். ஒரே எரர பத்தாயிரம் தடவை படிச்சு என்ன பண்ணப் போறோம்.

மானிட்டரிங்ல ரெண்டே ரெண்டு சேத்தோம். சர்வீஸ் ஓடுது, ஆனா பதினஞ்சு நிமிஷமா ஒரு வரியும் வரலன்னா கூப்பிடு. டெலீட் ஆன ஃபைல் எதுவாச்சும் 500 எம்பிக்கு மேல திறந்து கெடந்தா கூப்பிடு.

கடைசியா, மத்த மெஷின்லயும் பிஐடி ஃபைல நம்பி இருக்குற லாக்ரொட்டேட் கான்ஃபிக் இருக்கான்னு தேடச் சொல்லி தம்பிக்கு வேல குடுத்தேன். நாலாவது மெஷின்ல ஒண்ணு மாட்டுச்சு, அதே பிஐடி, அதே ட்ரூ, ஆனா அங்க யாரோ புண்ணியவான் டிலேகம்ப்ரெஸ் போட்டிருந்ததால டாட் 1 அழியாம கண்ணுக்குத் தெரியுறாப்லயே வளந்து கெடந்திருக்கு. சாயங்காலம் மெசேஜ் வருது: "அண்ணா, இங்க டாட் 1 மட்டும் 9 ஜிபி இருக்கு, பழைய ரொட்டேட் ஆன ஃபைல் தானே, ஆர்எம் அடிச்சிடட்டுமா?"

"கைய எடுறா கீபோர்டுல இருந்து"ன்னு அனுப்பிட்டு பைக்க எடுத்தேன்.